கருகிய கார்க்

"மூக்கை இங்க கொண்டா" என்றார் இன்ஷிராஹ் மேடம்.

கொண்டுபோனேன். கிளட்ச் மூடியைக் கழற்றியிருந்தார். உள்ளேயிருந்து எண்ணெயும் கருகலுமாக ஒரு நாற்றம் குப்பென்று அடித்தது. எங்கள் மாடிவீட்டம்மா கத்தரிக்காயை அடுப்பில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகிற நாட்களில் இப்படித்தான் நாறும்.

"என்ன வாசனை சித்கி?"

"கருகல் மேடம்."

"என்ன கருகுது?"

"காலைலேர்ந்து ஒண்ணும் போடாத என் வயிறா இருக்கலாம்."

மேடம் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் எதற்குமே சிரிக்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது.

காப்பி வியாபாரி ஹாஜி மன்ஸியின் ஒரே மகள் நிஹாலை நேற்று விடியற்காலையிலிருந்து காணவில்லை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இன்சுலின் போட்டாக வேண்டும். நேற்றுக் காலை ஊசி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவள்தான். மாலை ஊசி போயிற்று, இன்று காலை ஊசியும் போயிற்று. பொழுது சாய்வதற்குள் கிடைக்காவிட்டால் கிடைத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அவளை ஏற்றிக்கொண்டு போன வண்டி எங்கள் முன்னால் நின்றது. கிழட்டு ஜாவா மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சைடுகார். மஹ்மூதிய்யா கால்வாய்க்கரையில் அநாதையாகக் கிடந்ததைப் போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள். சைடுகாருக்குள் நிஹாலின் கழுத்துத் துணி இருந்தது. வண்டியின் சொந்தக்காரன் லுத்ஃபி, அவளுக்கு நிச்சயமான பையன். அவன் லாக்கப்பில் இருந்தான்.

அலெக்ஸாண்ட்ரியாவில் நவம்பர் மாதத்துத் துடைப்பக்காற்று ஊரையே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. பின்கட்டின் தகரக் கூரைக்கடியில் மேடம் குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் போட, நான் நட்டுகளைத் தொப்பியில் வாங்கிக்கொண்டிருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அரை ஆயுசு விபத்து வண்டிகளைப் பிரித்துப் பார்த்தவர் மேடம். வண்டியைப் பார்த்தே ஓட்டினவன் புளுகுகிறானா என்று சொல்லிவிடுவார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். இன்று காலை ஹாஜிதான் அவரைக் கூப்பிட்டிருந்தார். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், சமயத்தில் ஜாக்கி.

"மேடம், எவ்வளவு நேரம்?" இன்ஸ்பெக்டர் ஷாகிர் குடையோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உள்ள ஒருத்தன் வாயத் திறக்க மாட்டேங்கறான். நீங்க வெளிய வண்டிய நோண்டிட்டிருக்கீங்க."

"அவன் திறந்துட்டுதானே இருக்கான் பாஷா. உங்களுக்குப் பிடிச்ச பதில் வரலைங்கறதுக்காக திறக்கலைன்னு சொல்லக் கூடாது." எங்கள் ஊரில் போலீஸ் அதிகாரி என்றாலே பாஷாதான்.

"வண்டிய எவனோ திருடிட்டான்னு சொல்றான். சாவி அவன் பாக்கெட்லயே இருந்துது மேடம்."

மேடம் என் தொப்பிக்குள் கைவிட்டுத் துழாவினார். எங்கிருந்தோ ஒரு ஆணி அகப்பட்டது. அதை ஜாவாவின் சாவித் துவாரத்தில் செருகி அழுத்தினார். விளக்கு எரிந்தது.

"சாவி இப்ப உங்க பாக்கெட்ல இருக்கா பாஷா?"

ஷாகிர் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார். அவருக்கும் பெண் குழந்தை இருக்கிறது.

"சரி, அப்படியே வெச்சுக்குவோம். அவங்க வீட்டு எதிர்ல பலகாரக் கடைக்காரன் பாத்திருக்கான். ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போட்ட ஆளு வந்து நின்னான், அந்தப் பொண்ணு ஒரு சத்தம் போடாம தானா ஏறி உக்காந்துச்சு. விடிகாலைல எவனோ திருட்டுப்பய வந்து கூப்பிட்டா ஏறுவாளா? ஊரே கேக்க காப்பிக் கடைல நின்னுக்கிட்டு 'தூக்கிட்டுப் போயிடுவேன்'னு கத்தினவன் இவன்."

அது உண்மைதான். நிச்சயதார்த்தமெல்லாம் முடிந்த பிறகு ஹாஜி மன்ஸி மனதை மாற்றிக்கொண்டார். வண்டி ரிப்பேர்காரனுக்குப் பெண் கொடுப்பதாவது என்று சொந்தக்காரர்கள் ஓதியிருக்கிறார்கள். லுத்ஃபி கொதித்துப் போய்க் கடையிலேயே கத்திவிட்டான்.

மேடம் கிளட்ச் ஸ்பிரிங்குகளைத் தளர்த்திப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். கார்க் பதித்த பிளேட்டுகள். பழுப்பாக, பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய கார்க் கறுத்துச் சுருங்கிக் கையில் உதிர்ந்தது.

"லுத்ஃபி" என்று கூப்பிட்டார்.

லாக்கப்பின் கம்பி ஜன்னல் பின்கட்டைப் பார்த்தே இருந்தது. அதில் ஒரு முகம் வந்தது. ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"நிஹால் கெடைச்சாளா மேடம்?"

"இன்னும் இல்ல. கிளட்ச் போயிருக்கு. கார்க் கரி."

"கரியா?" அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அது எப்படி மேடம்? முந்தாநாள்தான் புது கார்க் போட்டேன். ராத்திரி முழுக்க எண்ணெய்ல ஊற வெச்சு, காலைல மட்டம் தேய்ச்சு நானே மாட்டினேன். காஞ்ச கார்க்கை மாட்டுறவன் நான் இல்ல."

"என்ன எண்ணெய் ஊத்தினே? கார் எண்ணெயா?"

"அந்தக் கூத்தை நம்ம ஊர்ல பாதிப் பேரு பண்ணுவான், வழுக்கிட்டே இருக்கும். நான் கியர் எண்ணெய்தான் ஊத்துவேன்."

மேடம் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார். "சரியாத்தான் ஊத்தியிருக்கே. கிளட்ச் திருகு?"

"இறுக்கிட்டு கொஞ்சம் விட்டு வெச்சேன் மேடம். நட்டு மேல செவப்பு பெயின்ட் வெச்சிருப்பேன் பாருங்க."

சிவப்புப் புள்ளி கலையாமல் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"அப்ப மேடு ஏறியிருப்பான்" என்று நான் என் மூளையைக் காட்டினேன். "சைடுகாரு, உள்ள ஒரு ஆளு, செங்குத்தா ஏறினா கிளட்ச் கருகாம என்ன பண்ணும்? நம்ம ஊரு தோசைக்கல்லு மாதிரி தட்டை மேடம். மேடுன்னு இருக்கறதே ரெண்டோ மூணோ. நாதூரா மேட்டுல பழைய காவல் கோபுரம் இருக்கு. ஆள ஒளிச்சு வைக்க அதவிட எடம் உண்டா?"

ஷாகிரின் முகம் மலர்ந்தது. "ஜீப்ப எடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். நாலு போலீஸ்காரர்கள் ஏறிக்கொண்டு பறந்தார்கள், ஷாகிர் எங்களோடே நின்றுவிட்டார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"சித்கி" என்றார் மேடம் தலையைத் தூக்காமலே, "லுத்ஃபிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஜன்னலிலிருந்து லுத்ஃபி சொன்னான்: "அந்த மேட்டுல சைடுகார்ல மூணு தடியனுங்கள வெச்சு ஏத்தியிருக்கேன் அண்ணே. கார்க் சூடாகும், கரியாகாது. இது கரியாகணும்னா வழி நெடுக கிளட்ச் பாதி விட்டே இருக்கணும்."

மார்பு பழைய இடத்துக்கே போயிற்று. ஜீப்பும் போய்விட்டது.

"வழி நெடுக லீவரைப் பாதி பிடிச்சுக்கிட்டேவா ஓட்டுவான்?" என்றார் ஷாகிர். "கை கழண்டு போயிடுமே."

"ஜாவால லீவரே வேண்டாம் சார்" என்றான் லுத்ஃபி. "கியர் பெடலை மிதிச்சாலே அது கிளட்ச்சை விட்டுடும். கை சும்மா கெடக்கும்."

மேடத்தின் கை நின்றது. பிறகு எழுந்து வண்டியின் இடது பக்கத்து கியர் பெடலைக் குனிந்து பார்த்தார். கிக்கரும் அதுதான், கியரும் அதுதான். அதன் ரப்பர் மேல் கால்வாய்க்கரைச் சேறு அப்பளம் மாதிரி அப்பிக் காய்ந்திருந்தது, நடுவில் செருப்படியின் பதிவோடு.

"நீ கியர் போட்டதும் காலை எங்க வைப்பே?" என்றார்.

"கால்வைக்கிற கட்டையில. பெடல் பக்கமே போக மாட்டேன்."

மேடம் கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பை எனக்குத் தெரியும். அவர் ஆளைப் பிடித்துவிட்டார். எனக்கோ ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஹாஜி மன்ஸி வந்து சேர்ந்தார்.

தன்னுடைய காப்பி வேனில் வந்திருந்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள், துணைக்காக ஷாகிரே நேற்று மதியம் அவர் வீட்டில் விட்டுவைத்த ஆள். மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட இவ்வளவு ஒட்டி நடக்க மாட்டார்கள். ஹாஜி ஒரு பிளாஸ்கை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே பனிக்கட்டியும் இன்சுலினும். மகள் கிடைத்த நொடியில் போட வேண்டுமென்று நேற்றிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? கால்வாய்ப் பக்கம் ஒவ்வொரு கதவா தட்டச் சொல்லுங்க. வேகமா சொல்லுங்க." பிறகு ஜன்னலைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"தேடிட்டுத்தான் இருக்காங்க ஹாஜி. டீ சாப்பிடறீங்களா?"

"டீயா? பொழுது போகுது மேடம்."

"சரி, அப்ப ஒரு கை கொடுங்க. மழை சாரல் அடிக்குது. பிரிச்சுப் போட்டது நனைஞ்சா தடயம் போயிடும். வண்டிய அந்தக் கீழ ஷெட்டுக்குத் தள்ளணும். சும்மா மேல உக்காந்து ஹேண்டிலப் பிடிச்சுக்கிட்டா போதும், நான் தள்ளிடறேன்."

"நானா? மோட்டார் சைக்கிள்ல நான் உக்காந்ததே கெடையாது மேடம். அந்தச் சனியனுங்களைக் கண்டாலே ஆகாது எனக்கு."

"பழக்கம் எதுவும் வேண்டாம். மூணு சக்கரம், விழாது. அந்தப் பிளாஸ்க இப்படிக் கொடுங்க, பத்திரமா வெச்சுக்கறேன்."

கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். மேடம் அதைக் கான்ஸ்டபிளின் கையில் வைத்துவிட்டு என் காதருகே வந்தார்.

"சித்கி, கீழ போய் அந்த மணல் மூட்டைங்களுக்கு முன்னாடி நில்லு. வண்டி வந்தா பிடி."

"அது தானா வருமா மேடம்?"

"வரும்."

"பிரேக் இருக்குல்ல?"

"முன்பிரேக் கேபிளைக் கழட்டிட்டேன். பின்னாடி ஒண்ணு இருக்கு. எங்க இருக்குன்னு ஓட்டறவருக்குத் தெரியணும்."

லாரிகள் ஏறி இறங்குவதற்காகச் சரிவாகக் கட்டிய பின்கட்டு அது. நான் கீழே போய் மூட்டைகளுக்கு முதுகு கொடுத்து நின்றேன். சம்பளத்தைப் பற்றி இந்த மாதமே பேசிவிட வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். ஹாஜி தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தார். மேடம் மெல்ல உருட்டினார். வண்டி சரிவின் விளிம்புக்கு வந்தது. அங்கே வந்ததும் மேடம் கையை எடுத்துவிட்டார்.

எடுத்ததோடு நிற்காமல் பின்னாலிருந்து ஒரு தள்ளும் தள்ளினார்.

ஜாவா சரிவில் பாய்ந்தது. ஹாஜி அலறினார். வலது கை முன்பிரேக்கைப் பிடித்து இழுத்தது, அது தொளதொளவென்று வந்தது. இடுப்பைத் தூக்கி, முழு பாரத்தையும் இறக்கி, இடது காலால் ஓங்கி மிதித்தார். மறுபடி மிதித்தார். மறுபடியும். கிளட்ச் இல்லாத அந்த கியர் பெடல் டக் டக்கென்று இறங்கியதே தவிர வண்டி நிற்கவில்லை.

"வலது கால் ஹாஜி, வலது கால்" என்று ஜன்னலிலிருந்து லுத்ஃபி கத்தினான்.

ஹாஜியின் இடது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. முன்சக்கரம் என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வந்து என்னையும் சேர்த்து மணல் மூட்டைக்குள் குத்தி நின்றது. வாயெல்லாம் மண்.

மேடம் சரிவில் இறங்கி நிதானமாக நடந்து வந்தார். ஷாகிர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்ன மேடம் இது? வயசான மனுஷனை..."

"ஹாஜி" என்றார் மேடம், "எந்தக் காலால மிதிச்சீங்க?"

ஹாஜி மூச்சு வாங்கினார். "எனக்கென்ன தெரியும்? பயத்துல மிதிச்சேன்."

"வண்டியே தெரியாதவன் ரெண்டு காலையும் தரையில ஊனுவான். ஜாவா ஓட்டறவன் வலது காலால மிதிப்பான், இதுல பிரேக் அங்கதான். நீங்க விடாம இடது காலாலயே மிதிச்சீங்க. பழைய இங்கிலீஷ் வண்டியிலதான் பிரேக் இடது பக்கம் இருக்கும். உலகச் சண்டை முடிஞ்சு இங்கிலீஷ் பட்டாளத்துக்காரங்க வித்துட்டுப் போன வண்டிங்கள நம்ம ஊரு ஆளுங்க நெறைய பேரு ஓட்டினாங்க. நீங்களும் ஓட்டியிருக்கீங்க. வாய் பொய் சொல்லும்னு தெரியும். அதனாலதான் காலைக் கேட்டேன்."

ஹாஜியின் முகம் வெளுத்துவிட்டது.

"டிராமும் குதிரைவண்டியுமா இருக்கற தெருவுல அந்த வண்டிய ஓட்டினவங்க யாரும் பிரேக் மேலேர்ந்து காலை எடுக்க மாட்டாங்க. அது ஊறிப்போன பழக்கம். நேத்தும் நீங்க எடுக்கல. ஆனா ஜாவால அந்த எடத்துல இருக்கறது கியர். அது மேல கால் பாரம் இருந்தா கிளட்ச் பாதி விட்டே இருக்கும். வீட்லேர்ந்து கால்வாய் வரைக்கும் அந்தப் பையன் ஊற வெச்சு மாட்டின கார்க்கை மிதிச்சே கரியாக்கிட்டீங்க. திரும்பி வரும்போது வண்டி இழுக்கல. அங்கயே போட்டுட்டு நடந்துட்டீங்க."

"காப்பிக்கொட்டை வறுக்கறவர் கால் ஆச்சே" என்றேன் மண்ணைத் துப்பிக்கொண்டு. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஹாஜியின் முகத்தைப் பார்த்தபின் அந்தப் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

"மேடம், பெத்த அப்பன் மேடம்" என்றார் ஷாகிர்.

"விடியற்காலைல வந்து நின்னா, ஏன்னு கேக்காம அந்தப் பொண்ணு ஏறி உக்கார்ற ஆளு ரெண்டே பேருதான் பாஷா. ஒருத்தனுக்குத் தன் வண்டி கியர் மேல காலை வைக்கக் கூடாதுன்னு தெரியும். மிச்சம் இருக்கறது யாரு?" மேடம் குனிந்து ஹாஜியின் முகத்துக்கு நேராக வந்தார். குரல் தணிந்தது. "எதுக்கு செஞ்சீங்க, எப்படி செஞ்சீங்கன்னு நான் இப்ப கேக்கல. எங்க வெச்சிருக்கீங்க? அது மட்டும் சொல்லுங்க. பொழுது போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஹாஜி மன்ஸி வண்டி மேலிருந்து இறங்கினார். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"மீனத் எல்-பஸல்ல என் காப்பிக் கிடங்கு. நீலக் கதவு."

"அதை நீங்களே தேடிட்டேன்னு சொன்னீங்களே" என்று ஷாகிர் பல்லைக் கடித்தார். "நேத்து அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னேன்யா நான். நீ சொன்னியேன்னு திரும்பி வந்தேன்."

"ரெண்டே நாளு பாஷா. அவன் உள்ள போயிட்டா இவளுக்குப் புத்தி வந்துடும், அப்புறம் தன்தா ஊர்ல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடலாம்னு நெனைச்சேன். லுத்ஃபி அடிபட்டுக் கெடக்கான், அவன் வண்டியிலயே கூப்பிட வந்தேன்னு சொன்னேன். அழுதுக்கிட்டே ஏறினா. சாயங்காலம் ஊசியோட போறதாத்தான் இருந்தேன். சத்தியமா போறதாத்தான் இருந்தேன்."

"போயிருக்க வேண்டியதுதானே?"

ஹாஜி குடை பிடித்த கான்ஸ்டபிளைக் கையால் காட்டினார். "நீங்க வெச்ச துணை. கக்கூசுக்குப் போனாக்கூட வாசல்ல நிக்கறான். வீடு நிறைய ஜனம். வர்றவங்க எல்லாரும் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. வாயெடுப்பேன், அவங்க அழுகையப் பாத்ததும் வார்த்தை உள்ள போயிடும். இன்னிக்குக் காலைல இந்தம்மாவப் பத்திச் சொன்னாங்க, எதையும் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு. அதான் கூப்பிட்டேன். நானா சொல்ல முடியல, யாராவது கண்டுபிடிச்சாவது தொலைங்கன்னு கூப்பிட்டேன்."

எனக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதே சமயம் கைபிடித்துத் தூக்கி நிறுத்தவும் வேண்டும் போலிருந்தது. தூக்கி நிறுத்தினேன், வேறு வழியில்லை, வேன் சாவி அவரிடம் இருந்தது.

ஜீப் என் தயவில் நாதூரா மேட்டில் இருந்தது. ஆகவே காப்பி வேன். நான் ஓட்ட, பக்கத்தில் மேடம், அவர் மடியில் பிளாஸ்க். பின்னால் சாக்குகளுக்கு நடுவில் ஷாகிரும் ஹாஜியும். கர்மூஸ் பாலத்தில் தண்ணீர் தேங்கி ஒரு டிராம் குறுக்கே நின்றிருந்தது. நடைபாதை மேல் ஏற்றினேன். ஒரு பழவண்டிக்காரன் என் அப்பன், பாட்டன் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தான். பின்னால் ஹாஜி யாரிடமும் இல்லாமல், "சீக்கிரம், சீக்கிரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கால்வாய்க்கரையில் பழைய பஞ்சுக் கிடங்குகள் வரிசையாக நின்றன. நீலக் கதவு. ஹாஜியின் கழுத்துக் கயிற்றில் சாவி இருந்தது. ஷாகிர் பிடுங்கித் திறந்தார்.

உள்ளே பச்சைக் காப்பிக்கொட்டை வாசனை, இருட்டு. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மெத்தை, இரண்டு கம்பளி. ரொட்டியும் பாலாடையும் தொடாமல் காய்ந்து கிடந்தன. தண்ணீர்க் குடம் மட்டும் காலியாகக் கவிழ்ந்திருந்தது. நிஹால் மூட்டையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக, சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"உயிர் இருக்கு" என்றார் மேடம். "சித்கி, வேன்லேர்ந்து தண்ணி."

ஹாஜி முந்திக்கொண்டு அவளருகே மண்டியிட்டார். பிளாஸ்கைத் திறந்து, பனிக்கட்டியை விலக்கி, சின்னப் புட்டியில் ஊசியை ஏற்றினார். பல வருடம் மகளுக்குப் போட்டுப் பழகிய கை, அளவில் தவறவில்லை. அவள் கையைப் பிடித்தார்.

"என் கண்ணு. அப்பா வந்துட்டேன்மா."

நிஹாலின் கண்கள் மெல்ல அவரிடம் வந்து நின்றன. கையை இழுத்துக்கொண்டாள். அதற்கே அவளுக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது.

"நிஹால், போட்டுக்கம்மா. திட்டணும்னா அப்புறம் திட்டு."

அவள் கையை நீட்டி, ஊசியை அவரிடமிருந்து வாங்கினாள். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மேடம் உதவிக்குக் குனிந்தபோது வேண்டாமென்று தலையை ஆட்டினாள். சட்டையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு வயிற்றில் தானே குத்திக்கொண்டாள். நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஹாஜியின் வெறுங்கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் வெளியே வந்தது. பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை மேடத்திடம்.

"லுத்ஃபிக்கு ரொம்ப அடியா?"

"அவனுக்கு விபத்தே நடக்கலம்மா" என்றார் மேடம். "ஸ்டேஷன்ல இருக்கான். அவன்தான் உன்னைக் கடத்தினான்னு பிடிச்சு வெச்சிருக்காங்க."

நிஹால் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வரவில்லை, உடம்பில் அவ்வளவு வறட்சி. ஷாகிர் கம்பளியில் சுற்றி அவளைத் தூக்கினார். வாசலுக்கு வந்ததும், மழைச்சாரல் முகத்தில் பட்டு அவள் கண் திறந்தபோது, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். பயப்படாதே. ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா, அந்தப் பையனை இப்பவே வெளிய விடணும். உன்னை இங்க கொண்டுவந்து அடைச்சது யாரு?"

கதவோரம் ஹாஜி மன்ஸி நின்றிருந்தார். நிஹால் அவரைப் பார்த்தாள். நெற்றி, கண், தாடி என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கடையில் வேண்டாத சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"லுத்ஃபி இல்ல."

"வேற யாரு?"

"யாரோ" என்றாள். "எனக்குத் தெரியாத ஆளு சார்."

ஷாகிர் மேடத்தைப் பார்த்தார். மேடம் வேனைக் காட்டினார். வேனின் பின்கதவைத் திறந்து பிடித்தேன். நிஹாலை உள்ளே படுக்க வைத்தார்கள், மேடம் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"கேட்டீங்கல்ல ஹாஜி" என்றார் ஷாகிர். குரலில் கோபம் வற்றிப் போயிருந்தது. "அவ பேரு சொல்லல. அவ சொன்னதத்தான் நான் எழுத முடியும். வீட்டுக்குப் போங்க."

ஹாஜி போகவில்லை. மழைக்கு வந்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார்.

"எழுதிக்கோங்க பாஷா" என்றார். "தெரியாத ஆளு இல்ல. நான் அவ அப்பன்."